இரண்டாவது ஆள்

இருபது பிள்ளைகளுக்கு ஒரு ஆள் என்று யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர் எழுதியிருந்தது. அதை எழுதியவர் இருபது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் மூக்குத் துடைத்துப் பார்த்தவராக இருக்க முடியாது. சரி, இருபது என்றால் இருபது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் வளர்ந்தவர்கள் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நிலையத்தைத் திறக்கக் கூடாது. எழுபத்தைந்தாம் ஆண்டு தை மாதம் எங்கள் பாலர் நிலையத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். வளர்ந்தவர் என்று நான் ஒருத்திதான் இருந்தேன்.

என் பெயர் நாகபூசணி. பிறந்தது நயினாதீவு. நெடுந்தீவுக்கு வேலைக்கு வந்து பதினொரு வருசம். கணவர் பதுளையில் ஒரு கடையில் நிற்கிறார்; சித்திரைக்கும் ஆவணிக்கும் வருவார், வந்தால் கடையைப் பற்றியே பேசுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "உங்களுக்குத்தானே ஊர்ப் பிள்ளையள் எல்லாம்" என்று ஆறுதல் சொல்வார்கள். அப்படிச் சொன்னவருடைய பிள்ளைக்குத்தான் அன்றைக்கு நான் இரண்டு தரம் கழுவி விட்டிருப்பேன்.

நிலையம் தொடங்கிய காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தம்பிராசா அண்ணையைப் பிழையாக நினைப்பீர்கள். அவர் எங்கள் கிராமச் சங்கத்தின் தலைவர். தை, மாசி வந்தால் இந்தப் பக்கத்துப் பெண்கள் பனங்கிழங்கு கிண்டவும் கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப் போடவும் போய்விடுவார்கள். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். கத்தியும் மண்வெட்டியும் நடமாடும் இடத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்திருக்க முடியாது. வீட்டில் விட்டால் பார்க்க ஆளில்லை. அப்படி வீட்டில் விட்ட ஒரு பிள்ளை, தம்பிராசா அண்ணையின் தங்கையின் மூன்று வயது மகள், சுற்றுக்கட்டு இல்லாத துரவுக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு அவர் யாழ்ப்பாணம் போய், கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, பதிவு எடுத்து, தன் சொந்தக் காணியிலேயே இந்தக் கொட்டிலைப் போட்டுத் தந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

என்னோடு உதவிக்கு இருந்த மாக்கிறேற் போன வைகாசியில் கலியாணம் முடித்து மன்னாருக்குப் போய்விட்டாள். நல்ல பிள்ளை. போகிற அன்று அழுதாள். நான் அவளைவிடக் கூட அழுதேன். அவள் பிரிவை நினைத்து அழுதாள், நான் வரப்போகிற வேலையை நினைத்து அழுதேன். அவளுடைய இடத்துக்கு ஆள் கேட்டுக் கந்தோருக்கு எழுதச் சொல்லித் தம்பிராசா அண்ணையிடம் போனேன்.

"எழுதினால் என்ன நடக்கும் தெரியுமோ?" என்றார் அவர். "ஆள் வருமட்டும் பூட்டு எண்டு சொல்லுவாங்கள். கனநாள் பூட்டிக் கிடந்தால் பதிவு போகும். போனால் அதை வேறை தீவுக்குக் குடுத்திடுவாங்கள். நீர் ஒரு மாசம் சமாளியும்."

அந்த ஒரு மாசம் எட்டு மாசமாக இழுபட்டது. கதவுப் பலகையில் 'உதவியாளர்: செல்வி மாக்கிறேற்' என்று எழுதியிருந்ததை யாரும் அழிக்கவில்லை. கந்தோரிலிருந்து ஆராவது வந்தால், மாக்கிறேற்றுக்கு இன்றைக்குச் சுகமில்லை, அவளுக்குப் பதிலாக இவர் நிற்கிறார் என்று காட்டுவதற்குச் சங்கம் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தது. பன்னிரண்டு பெண்கள். முதலில் சீதேவி, அவளுக்கு ஏலாவிட்டால் அடுத்தவள், அவளுக்கும் ஏலாவிட்டால் அதற்கடுத்தவள் என்று ஒழுங்காக எழுதியிருந்தார்கள். எட்டு மாசத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி ஒரு நாளாவது எனக்குக் கைகொடுக்க வந்ததில்லை. அந்தப் பட்டியல் கந்தோரைச் சமாளிக்கத்தான். பிள்ளைகளைச் சமாளிக்க நான் இருந்தேன்.

எனக்கு வந்த வருத்தத்தைச் சொல்லக் கூச்சம். அடிவயிறு தொடையோடு சேருகிற இடத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். பிள்ளையைத் தூக்கினால் வெளியே வரும். ஊர்காவற்றுறையில் ஒரு டாக்குத்தர் பார்த்தார். குடலிறக்கம், யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது என்றார்.

"என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டார்.

சொன்னேன். பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒருநாள் இது உள்ளை போகாமல் இறுகிச்செண்டால், உங்கட தீவிலை இருந்து வள்ளம் பிடிச்சு வந்து சேர முந்தி எல்லாம் முடிஞ்சிடும், அம்மா. விளையாட்டில்லை."

இரண்டு தரம் திகதி தந்தார்கள். முதல் தரம் தம்பிராசா அண்ணை, பெரிய பள்ளிக்கூட விடுமுறை வரட்டும் என்றார். இரண்டாம் தரம், கிழங்கு முடியட்டும் என்றார். அவரிடம் 'வயித்து வருத்தம்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஒரு ஆம்பிளைக்கு அதற்கு மேல் எப்படி விளங்கப்படுத்துவது? மூன்றாவது திகதி வருகிற திங்கட்கிழமை. இதையும் விட்டால் இனிச் சித்திரைக்குப் பிறகுதான் என்று கடிதத்தில் இருந்தது. துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வரவும் என்றும் இருந்தது. அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் கடிதத்தை மடித்து வைத்துவிடுவேன்.

திங்கட்கிழமைக்கு முந்திய வியாழன் கந்தோரிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தபால் வந்தது. சங்கம் கால் நிலத்தில் படாமல் ஓடித் திரிந்தது. கொட்டிலைக் கூட்டினார்கள், தண்ணீர்ப் பானையைக் கழுவினார்கள், சீதேவியைக் கூப்பிட்டு என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று படிப்பித்தார்கள். எல்லாம் சரி. புதன்கிழமை பின்னேரம் வல்லிபுரத்தார் செத்துப்போனார்.

வல்லிபுரத்தாருக்கு எண்பத்திரண்டு வயது. படுக்கையில் கிடக்காமல், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போன நல்ல சாவு. ஆனால் அவர் சீதேவிக்கு மாமனார். பட்டியலில் இருந்த மற்றவர்களில் சிலருக்குப் பெரியப்பா, சிலருக்கு மாமா, மிச்சப் பேருக்கு ஏதோ ஒரு வழியில் சாவுத் துடக்கு, தீட்டு, காக்க வேண்டிய உறவு. பட்டியல் போட்டபோது பன்னிரண்டு பேரும் ஒரே சொந்தக்காரப் பகுதி ஆட்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்தாலும் அந்த ஒழுங்கையில் வேறு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? ஒரு கிழவனார் கடைசி மூச்சை விட, பன்னிரண்டு பதில் ஆட்களும் ஒரேயடியாகச் செத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செத்த வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோக மாட்டார்கள். பறைச் சத்தத்துக்குப் பயந்துவிடும், பிரேதத்தைப் பார்த்தால் கனவில் வீரிட்டு அழும் என்பார்கள். அப்படியென்றால் பிள்ளைகளை எங்கே விடுவது? அந்தப் பகுதியில் துடக்கில்லாத பெண் நான் ஒருத்திதான். வியாழன் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வாசல் படலையில் ஆட்கள் நின்றார்கள். ஒன்பது மணிக்கு எண்ணினேன். ஐம்பத்தாறு. வழக்கமாக வருகிற முப்பத்தெட்டு, அவர்களுடைய தம்பிமார் தங்கச்சிமார், பள்ளிக்கூடம் போகாமல் நின்ற அக்காமார். நாலு பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியாது.

"பிரேதம் எடுத்த உடனை வந்திடுவம், ரீச்சர்" என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் கொழும்பிலிருந்து பத்து மணி வள்ளத்தில்தான் வருகிறாராம்.

அதே வள்ளத்தில்தான் கந்தோர் அம்மாவும் வந்து இறங்கியிருக்கிறார். அன்னபூரணம் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். தை மாதக் கடல் வயிற்றைப் புரட்டிவிட்டிருக்க வேண்டும், முகம் வெளிறிப் போயிருந்தது. கூட்டிவரத் துறைக்குப் போகவேண்டிய தம்பிராசா அண்ணை பாடை கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே இவர் வழி கேட்டுக் கேட்டுத் தனியாக நடந்து வந்து, தோல்பையோடு எங்கள் படலையடியில் நின்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு பிந்தி ஓடி வந்தாள்.

"நீங்களே ரீச்சருக்கு உதவிக்கு வந்தனீங்கள்? இவனை ஒருக்காப் பிடியுங்கோ. துணி இந்தப் பைக்குள்ளை கிடக்கு. அழுதால் முதுகிலை தட்டுங்கோ, படுத்திடுவான்."

சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளையை அவருடைய கையில் வைத்துவிட்டுப் பறை கேட்ட பக்கம் ஓடிவிட்டாள். நான் வெளியே வந்தபோது, பார்த்தால் பெரிய இடத்து மனுசி மாதிரி ஒருவர், ஒரு கையில் தோல்பையும் மற்றக் கையில் ஏழு மாதப் பிள்ளையுமாக நின்றார்.

"இது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார்.

"முகத்தைத் திருப்புங்கோ பாப்பம்."

திருப்பிக் காட்டினார்.

"இஞ்சை வாற பிள்ளை இல்லை. ஆனால் மூக்கைப் பாத்தால் ஆற்றை எண்டு தெரியுது."

"நான் கந்தோரிலை இருந்து வந்தனான்."

"தெரியும் அம்மா. உள்ளை வாங்கோ. பாத்துக் கால் வையுங்கோ."

நிலையத்தில் ஒரு கதிரைதான் இருந்தது. அதில் நாலு பேர் ஏறி வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கதிரையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கதவுப் பலகையைப் பார்த்தார்.

"உதவியாளர் எங்கை?"

எட்டு மாசமாகப் பாடமாக்கி வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. மாக்கிறேற்றுக்குச் சுகமில்லை என்று சொல்லலாம். பதிலுக்கு நிற்பவர் இவர் என்று கையைக் காட்டத்தான் ஆள் இல்லை. நான் என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறதற்குள் மூலையில் ஒருத்தி காலையில் தின்றதைச் சத்தியெடுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் எடுத்தாள். நான் சாம்பல் அள்ளப் போனேன். திரும்பி வந்தபோது கந்தோர் அம்மா தோல்பையைக் கூரை வளைமரத்தில் கொழுவிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு வாய் கழுவிக்கொண்டிருந்தார். கைப்பிள்ளை அவருடைய தோளில் படுத்திருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது குறைவு. பால்மா கரைத்தோம். முப்பத்தெட்டுப் பேருக்கு வந்த மாவில், பிந்தி வந்த கைப்பிள்ளையையும் சேர்த்து ஐம்பத்தேழு பேருக்குக் கரைத்தால் அது வெள்ளைத் தண்ணீர்தான், குடித்தார்கள். குவளை இருபதுதான் இருந்தது. நான் வார்க்க வார்க்க அவர் கழுவித் தந்தார். இரண்டு பேர் ஒருவனைக் கடித்தார்கள். ஒருத்தி தன்னை அம்மாவிடம் கொண்டுபோகச் சொல்லி அரை மணித்தியாலம் என் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். கந்தோர் அம்மா அரை மணிக்கு ஒரு தரம் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். பழக்கப்பட்ட ஆள் என்று எனக்கு விளங்கியது. எனக்கு அவர் மேல் அப்போதே ஒரு பட்சம் வந்துவிட்டது. கூடவே பயமும் இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு நான் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து வாளியை இறக்கினேன்.

"ஐம்பத்தாறு" என்றார் அவர்.

"திருப்பி எண்ணுங்கோ."

"ரெண்டு தரம் எண்ணிப்போட்டன். ஒண்டு குறையுது."

அந்த நேரம்தான் பிரேதம் எடுக்கிற பறை பெரிதாகக் கேட்டது. படலை கொஞ்சம் திறந்து கிடந்தது. நான் தண்ணீர் வாளியோடு வந்தபோது காலால் தள்ளித் திறந்தவள், சரியாகச் சாத்தினேனா என்று நினைவில்லை. பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு ஒழுங்கைக்கு ஓடினேன். கல்மதில் ஓரமாக, பனங்கூடலுக்குள், பக்கத்துக் காணித் துரவடிக்கு. துரவுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு பன்னாடை மிதந்தது, வேறொன்றுமில்லை. அப்படியும் நம்பிக்கை வராமல் ஒரு தடியை எடுத்துத் தண்ணீரைக் கிண்டினேன். அந்த நாலைந்து நிமிசம் நான் என்னென்ன நேர்த்தி வைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியாது.

"கிடைச்சிட்டான், வாரும்" என்று அவர் கூப்பிட்டது கேட்டது.

சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் நித்திரையாய்க் கிடந்தானாம். நான் உள்ளே ஓடி, என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல், நாலு வயதுத் தடியனை இரண்டு கையாலும் வாரித் தூக்கினேன். அடிவயிற்றில் கத்தியால் கிழித்தது போல இருந்தது. அவனை இறக்கிவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். வீக்கம் வெளியே வந்திருந்தது. கையால் அமத்திப் பார்த்தேன், போகவில்லை.

"என்ன செய்யுது?"

"வயித்து நோ. கொஞ்சம் படுத்தால் சரிவரும்."

"அப்ப படும்."

கதவுக்குப் பின்னால் ஒரு பாயை விரித்து, முழங்காலை மடித்துக்கொண்டு படுத்தேன். கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அது மெல்ல உள்ளே போனது. வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அந்தப் பக்கத்தில் ஐம்பத்தேழு பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களோடு ஒருவர் இருந்தார். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது நான் படுத்தது மாக்கிறேற் போன பிறகு அதுதான் முதல் தரம். நேற்று இப்படி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று படுத்தபடியே யோசித்தேன். எனக்காக யோசிக்கவில்லை, படலை திறந்து கிடந்ததை நினைத்துத்தான் யோசித்தேன்.

ஒன்றரை மணிக்கு முக்கால்வாசிப் பேர் நித்திரையானார்கள். கந்தோர் அம்மா கதிரையில் இருந்து, தோல்பையைத் திறந்து, அச்சடித்த தாள் ஒன்றை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். தண்ணீர், சரி. மலசலகூடம், சரி. மருந்துப் பெட்டி, பஞ்சு இல்லை. பிறகு பேனையை நிறுத்தினார்.

"மாக்கிறேற் எண்டு ஒருத்தர் இப்ப இல்லை, என்ன?"

"இல்லை. போன வைகாசியிலை போட்டா."

"உம்மைப் பாத்த உடனை விளங்கினது." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நான் ஏழு தீவும் பாக்கிறன். எங்கட கந்தோரிலை இந்த வேலைக்கு மூண்டு பேர் வேணும் எண்டு சட்டம். நான் ஒருத்திதான். எனக்கு இது ஒண்டும் புதிசில்லை. நீர் நல்லாச் செய்யிறீர். பூட்டினால் இந்தப் பிள்ளையள் என்ன செய்யுங்கள் எண்டும் தெரியுது. வளர்ந்த ஆக்கள் எத்தினை பேர் எண்டு இதிலை ஒரு கேள்வி இருக்கு. ரெண்டு எண்டு எழுதிறன். இண்டைக்கு ரெண்டு பேர் நிண்டது உண்மைதானே? நான் நிண்டனான்தானே?"

இப்படி ஒரு நல்ல மனம் எனக்கு எதிரில் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதட்டியிருந்தால், பயமுறுத்தியிருந்தால், நானும் சங்கத்தோடு சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருப்பேன். அவரோ பொய்யே இல்லாமல் காரியத்தை முடித்துத் தருகிறேன் என்கிறார். அந்தத் தாளில் இரண்டு என்று விழுந்தால் நிலையம் நாளைக்கும் திறக்கும். கந்தோரில் அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போகும். இரண்டு பேர் இருக்கிற இடத்துக்கு யார் இரண்டாவது ஆளை அனுப்புவார்கள்? திங்கட்கிழமையும் நான் கதவைத் திறந்துகொண்டு நிற்பேன். சித்திரைக்குப் பிறகும் நிற்பேன், இருந்தால்.

"எழுதாதேங்கோ" என்றேன்.

"என்ன?"

"ரெண்டெண்டு எழுதாதேங்கோ, அம்மா. ஒண்டெண்டு எழுதுங்கோ."

"ஒண்டெண்டு எழுதினால் நாளைக்குத் திறக்கேலாது. ஆள் வருமட்டும் பூட்டச் சொல்லி இதிலையே நான் எழுதித் தரவேணும்."

"தெரியும்."

"ஊர் உம்மை விடாது."

"எட்டு மாசமா விடேல்லைத்தானே."

பிறகு ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். எங்கே வீக்கம், எப்போது வருகிறது, இரண்டு திகதி ஏன் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தரமாக ஒரு மனுசரிடம் முழுவதையும் சொல்கிறேன், அதுவும் காலையில் கண்ட ஒரு மனுசரிடம். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். தாளில் ஒன்று என்று எழுதினார். அதற்குக் கீழே, மறு அறிவித்தல் வரும்வரை மூடப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"பதிவு போகாமல் இருக்க என்னாலை ஏலுமானதைச் செய்வன். உறுதி தர ஏலாது" என்றார். "ஆள் வர ரெண்டு மாசம் ஆகும். கூடவும் ஆகும்."

"ஓம், அம்மா."

தோளில் கிடந்த பிள்ளையை மெதுவாக என் பக்கத்தில் பாயில் கிடத்திவிட்டு வள்ளத்துக்குப் போனார். போகும்போது, அவனுக்கு ஒரு தரம் துணி மாற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குத் தாய்மார் வரத் தொடங்கினார்கள். செத்த வீட்டால் வந்து முழுகிவிட்டு, ஈரத் தலையோடு வந்தார்கள். தம்பிராசா அண்ணை சுடலையால் வந்து தோய்ந்த வேட்டியோடு நேரே ஓடிவந்தார். கந்தோர் ஆள் வந்து போனதை வழியிலேயே கேள்விப்பட்டிருக்கிறார்.

"என்ன சொன்னவ?" என்றார் மூச்சு வாங்க.

தாளைக் கொடுத்தேன். வாசித்துக்கொண்டே போனவர் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"சீதேவி துடக்கு எண்டு சொல்லியிருக்கலாமே. பாவம் பாத்திருப்பினம்."

"பாவம் பாத்தவ, அண்ணை. ரெண்டு எண்டு எழுதத்தான் வெளிக்கிட்டவ. நான்தான் ஒண்டெண்டு எழுதச் சொன்னனான்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. தாளை நாலாக மடித்தார், பிறகு விரித்தார். அவருடைய கண் துரவுப் பக்கம் போய் வந்தது.

"இனி ஒரு குழந்தை துரவுக்கை விழுந்தால், பிள்ளை?"

"இண்டைக்கு விழுந்திருக்கும். நான் தண்ணி அள்ளப் போன நேரம் ஒருத்தனைக் காணேல்லை. துரவுக்கை தடி விட்டுக் கிண்டினனான், அண்ணை. ரெண்டு பேர் இருந்தபடியால்தான் ஒண்டு குறையுது எண்டே தெரிஞ்சது. இவ்வளவு நாளும் விழாமல் இருந்தது என்ரை கெட்டித்தனம் இல்லை."

படலையில் நின்ற பெண்களுக்கும் அது கேட்டது. ஒருத்தி, கிழங்கு முடியிற வரைக்கும் ரீச்சர் பொறுத்திருக்கலாம் என்றாள். இன்னொருத்தி, அவவுக்குப் பிள்ளை இல்லை, விளங்காது என்று, எனக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாகச் சொன்னாள். அந்த வார்த்தைக்கு இனி நோகாது என்றுதான் நினைத்திருந்தேன். நொந்தது. ஒவ்வொருத்தராகப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, எண்ணிக்கொண்டே அனுப்பினேன்.

கடைசியாக வந்தது சீதேவி. மாமனார் செத்த வீட்டில் காலையிலிருந்து குந்தியிருந்து ஒப்பாரி வைத்ததில் அவளுக்குக் குரல் அடைத்துவிட்டது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் அவளில் தொங்கினார்கள். போகாமல் நின்றாள்.

"உங்களுக்கு என்ன வருத்தம், ரீச்சர்?"

சொன்னேன். இரண்டாம் தரம் சொல்வது சுலபமாக இருந்தது. எட்டு மாசத்துக்கு முன் இவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"துணைக்கு ஆர் வாறது?"

"ஒருத்தரும் இல்லை."

தன்னில் தொங்கிய இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நான் வந்திருப்பன், ரீச்சர். துடக்கெண்டாலும் ஆசுப்பத்திரிக்கு வரலாம்தானே. நீங்கள் பூட்டிப்போட்டியள். இதுகளை ஆரிட்டை விட்டிட்டு வாறது?"

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள். இந்த ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ செத்த வீட்டுக்கோ கிழங்குக்கோ போகவேண்டி வந்து அந்தக் கேள்வி எழும்பினால், பதினொரு வருசமாக அதற்கு விடை நான்தான். என்னிடமே வந்து அதைக் கேட்கிறார்கள் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சீதேவி மேல் இல்லை.

"நான் தனியப் போவன். நீர் போய்ச் சாப்பிடும்" என்றேன். அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை விடிய ஒரு சேலை, ஒரு போர்வை, கோப்பை, குவளை, கடிதம் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு இடத்தில் இறக்கி வைத்து ஆறி, துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒழுங்கையில் யாரும் பேசவில்லை. மோட்டர் வள்ளக்காரர் சில்வெஸ்ரர் பலகையில் நின்று கையை நீட்டினார்.

"ஏறுங்கோ, ரீச்சர். கூட ஆரும் வருகினமோ?"

"இல்லை. பெட்டியைத் தூக்கி வையும். எனக்குப் பாரம் தூக்க ஏலாது."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். நான் மரத்தோடு சாய்ந்து இருந்தேன். பக்கத்தில் ஒருத்தியின் மடியில் பிள்ளை சிணுங்கியது. அவள் தன்பாட்டில் முதுகில் தட்டினாள், என்னிடம் தரவில்லை. வள்ளம் குறிகட்டுவான் துறையைப் பிடிக்க முன்னமே, பாதிக் கடலில், நான் நித்திரையாகிவிட்டேன்.